நின்றுபோன மணிக்கூடு

யாழ்ப்பாணத்தார் மணிக்கூடு என்னும்போது, அச்சொல் முற்றவெளியருகே உயர்ந்து நிற்கும் கோபுரத்து யந்திரத்தையும் குறிக்கும். முன்கையிற் கட்டும் சிறு கருவியையும் குறிக்கும். 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாக, சிமிதர் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்து 1882இல் நிறைவெய்திய அக்கோபுரம், போரினாற் சிதைந்து 2002இல் புதுப்பிக்கப்பெற்றது. அது நின்றதன் காரணம் ஊரறிந்தது. ஆனால், பாட்டனார் விட்டுச்சென்ற கைக்கடிகாரம் நின்றதன் காரணத்தை வீட்டார் அறிவதில்லை. அதனாலேயே திருத்தத்தக்கவை பல, பயனற்றவையெனக் கழிக்கப்படுகின்றன.

காரணம் வினவினால், “அளவுக்கு மிஞ்சி முறுக்கிவிட்டார்கள்” என்னும் விடையையே நான் பலரிடமும் கேட்டிருக்கின்றேன். இது பிழையான எண்ணம். முறுக்கு முற்றுப்பெற்றதும் சுருள்வில் தானே எதிர்த்து நிற்கும். முழு முறுக்கிருந்தும் முட்கள் அசையவில்லையெனின், வில்லின் விசை வழியிலெங்கோ தடைப்படுகின்றது என்பதே பொருள்.

அவ்வழியைச் சற்று நோக்குவோம். சுருள்வில்லின் விசை பற்சக்கரங்களூடே சென்று, மயிரிழையொத்த மென்சுருள் பூட்டிய சமன்சக்கரத்தை ஊசலாட்டுகின்றது. பழைய கடிகாரங்கள் பலவற்றில் இது மணிக்கு 18,000 அடிப்புகளை எழுப்பும், நாளொன்றுக்கு 4,32,000, ஆண்டொன்றுக்கு 15 கோடிக்கு மேல். இத்தனை அசைவையும் தாங்குவன, செயற்கை மாணிக்கக் கற்களிற் பொருந்திய நுண்ணிய அச்சுமுனைகள். அவற்றைக் காப்பது ஊசிமுனை அளவான எண்ணெயே.

அவ்வெண்ணெய், கடிகாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஆண்டுகள் செல்லச் செல்லத் தடித்துப் பிசினாகும், அல்லது வற்றிவிடும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது மூட்டைகளிற் சென்ற கடிகாரங்களும், ஆளற்ற வீடுகளிற் கிடந்தவையும் ஆண்டுக்கணக்கிற் கவனிப்பாரின்றி இருந்திருக்கும். அத்தகையதொன்று நின்றுபோயிருந்தால், அது இறந்ததென்று தீர்ப்பளித்தல் ஆகாது. உண்மையில், நின்ற கடிகாரத்தினும் எண்ணெய் வற்றியபின்னும் ஓடுகின்ற கடிகாரமே பெரிதும் இடருறுகின்றது. உலர்ந்த அச்சுகள் தேய்ந்து, தேய்ந்த பொடியே அரமாகிவிடும்.

கடல் சூழ்ந்த நம் குடாநாட்டில் வேறு பகைகளும் உள. உவர்க்காற்றின் ஈரம் உருக்கு உறுப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும். நுண்மணல் பற்களிடையே புகும். கண்ணாடியினுள் நீராவி படியக் கண்டால், வெயிலில் உலர்த்திவிட்டு அமைதியுறாது, அன்றே திருத்துநரிடம் கொடுத்தல் வேண்டும்.

குறிகளைக் கொண்டு நோயை ஓரளவு உணரலாம். கையால் முறுக்கும் கடிகாரத்தின் திருகு, எதிர்ப்பேயின்றிச் சுழலுமாயின், வில் அறுந்திருக்கலாம். தானே முறுக்கேறும் வகையில் அது இயல்பே. குலுக்கினால் ஓடிப் பின் நிற்குமாயின், அழுக்கோ எண்ணெய்க் குறையோ என ஐயுறலாம். குறிப்பிட்ட ஒரு நேரத்திலேயே நிற்குமாயின், முட்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். திடீரென வெகுவாக முந்துமாயின், ஒலிபெருக்கி முதலியவற்றின் காந்தம் ஏறி மென்சுருள் ஒட்டியிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவியால் அது நொடியில் தீரும்.

செய்யத்தகாதன இரண்டு. தடைப்பட்ட திருகை வலிந்து முறுக்குதல் ஒன்று. மூடியைத் திறந்து தையல் எந்திர எண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடுதல் மற்றொன்று. பழைய பிசினைக் கழுவாது புதிய எண்ணெய் வார்த்தல், அழுக்கை உள்ளே பரப்புவதேயாகும். உறுப்புகளைப் பிரித்துக் கழுவி, உரிய எண்ணெயை உரிய இடத்தில் இடுதலே மருந்து. ஐந்தாண்டுக்கொருமுறையேனும் இதனைச் செய்வித்தல் நலம்.

1969இல் படிகக் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபின், மின்கலம் மாற்றுவதே திருத்தமென்னும் எண்ணம் பரவிற்று. நுண்பணி அறிந்த கைகளும் அருகின. அக்கைகள் இருக்கும்போதே பெட்டியிலுள்ள கடிகாரத்தை எடுத்துச் செல்லுங்கள். பொன்முலாம் பூசிய கூட்டின் விலையைக் கேட்குமுன், உள்ளே சமன்சக்கரம் அசைகின்றதா என்று கேளுங்கள்.