காரில் சின்ன ஒடுக்கா? இன்சூரன்ஸ் க்ளைம் போடும் முன் இந்த கணக்கைப் பாருங்க!

கார்த்திகை பிறந்துவிட்டால் தேனி, கம்பம் வழியாக சபரிமலை செல்லும் வாகனங்களால் லோயர்கேம்ப் - குமுளி மலைச்சாலை திணறும். போடிமெட்டு பக்கம் போனால் 17 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கினால் தடுப்புச்சுவரில் உரசல், தென்னந்தோப்பு ஓரம் நிறுத்தினால் கூரையில் தேங்காய். கம்பம் பள்ளத்தாக்கில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிய கதைதான்.

"இன்சூரன்ஸ்தான் இருக்கே, க்ளைம் போட்டுடலாம்" என்பதுதான் பலரின் முதல் யோசனை. ஆனால், சின்ன ஒடுக்குக்கு க்ளைம் போட்டால் லாபத்தைவிட நஷ்டமே அதிகமாகலாம். எப்படி?

முதலில் பெயிண்டை பாருங்க

ஒடுக்கு எவ்வளவு பெரியது என்பதைவிட, பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்பதே முக்கியம். அந்த இடத்தை கழுவித் துடைத்துவிட்டு நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் மேல்பூச்சோடு போன கீறலாக இருக்கலாம்; பாலிஷ் போட்டாலே பெரும்பாலும் மறைந்துவிடும். நகம் சிக்கினால் கீறல் ஆழமானது. உள்ளே தகடு தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. சாரல் காலத்தில் அந்த இடத்தில்தான் துரு பிடிக்கத் தொடங்கும்.

பெயிண்ட் உடையவில்லை என்றால்?

பழைய பித்தளைப் பாத்திரத்தில் ஒடுக்கு எடுப்பதைப் போன்ற வேலைதான் இது. பின்பக்கமாக நீளமான கம்பிகளை விட்டு, தகட்டை கொஞ்சம் கொஞ்சமாக தள்ளி பழைய நிலைக்கு கொண்டுவருவார்கள். இதற்குப் பெயர் 'பெயிண்ட்லெஸ் டென்ட் ரிப்பேர்'. கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கும். ஆனால், கதவின் ஓரத்திலும் கூர்மையான மடிப்பிலும் விழுந்த ஒடுக்கை இப்படி எடுப்பது கடினம்.

பெயிண்ட் உடைந்திருந்தால்?

பட்டி, டிங்கரிங்தான் வழி. தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, எமரி ஷீட்டால் தேய்த்து, பிரைமர், பெயிண்ட், கிளியர் கோட் என வரிசையாக அடிப்பார்கள். தகட்டை சரியாக நிமிர்த்தாமல் பட்டியை மட்டும் கனமாக அப்பினால் பின்னாளில் வெடிப்பு விடும். அதனால் பட்டி பூசும் முன் ஒருமுறை நேரில் போய் பார்ப்பது நல்லது.

வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடுமா?

வீடியோக்களில் வரும் இந்த வித்தை, பிளாஸ்டிக் பம்பர் லேசாக உள்வாங்கியிருந்தால் பலன் தரலாம். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், உள்ளிருந்து தள்ளினால் வெளியே வரும். இரும்புத் தகட்டுக்கு இது எடுபடாது.

க்ளைம் போட்டால் என்ன நஷ்டம்?

க்ளைம் போடாமல் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 'நோ க்ளைம் போனஸ்' கிடைக்கும். சொந்த வாகன சேதத்துக்கான பிரீமியத்தில் இது 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு க்ளைம் போட்டாலும் பூஜ்ஜியம்தான்!

உதாரணமாக, அந்த பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத போனஸ் உள்ளவர் கட்டுவது 4,000 ரூபாய். க்ளைம் போட்டால் அடுத்த 5 புதுப்பித்தல்களில் முறையே 8,000, 6,400, 6,000, 5,200, 4,400 ரூபாய் கட்ட வேண்டும். பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டாலே கூடுதல் செலவு 10,000 ரூபாய்!

இது போக, ஒவ்வொரு க்ளைமிலும் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயமாக உரிமையாளரே ஏற்க வேண்டும். 'பம்பர் டு பம்பர்' பாலிசி என்றாலும் போனஸ் போவது போவதுதான். போனஸ் பாதுகாப்பை தனியாக வாங்கியிருந்தால் மட்டும், அதன் நிபந்தனைப்படி தப்பலாம்.

அப்போ எப்போ க்ளைம் போடலாம்?

ஒர்க்‌ஷாப்பில் முதலில் எஸ்டிமேட் வாங்குங்கள். அந்த தொகை, இழக்கப்போகும் போனஸைவிட தெளிவாக அதிகம் என்றால் தாராளமாக போடலாம். ஆனால், வேலையை தொடங்கும் முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். விபத்தில் யாருக்காவது காயம் என்றால் இந்த கணக்கே வேண்டாம்: போலீசுக்கும் நிறுவனத்துக்கும் உடனே சொல்லிவிட வேண்டும்.