படம் கீறப் பென்சில், பேனை, பேப்பர்: எதை வாங்குவது, எதை விடுவது?

விசா, வீடு, வைத்தியர், பள்ளிக்கூடம் என்று எழுதுகிற இந்தப் பக்கத்தில் இந்த முறை பென்சிலைப் பற்றி எழுதுகிறோம். காரணம் உண்டு. கிளென் வேவர்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் புதிதாக வந்து இருப்பவர்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை. "பிள்ளை படம் கீற ஆசைப்படுது, என்ன வாங்கிக் குடுக்கிறது?" "ஊர் வீட்டைக் கீறித் தரச்சொல்லி லோயர் கேட்டவர், எதில கீறுறது?" வேறு சிலர் ஒன்றும் கேட்பதில்லை. நித்திரை வராத இரவில் கடித உறையின் பின்பக்கத்தில் கிணற்றடியையும் பனையையும் கீறிக்கொண்டிருப்பார்கள். இந்த மூன்று பேருக்கும் வேண்டிய சாமான் ஒன்றல்ல.

முதலில் என்ர பிழையைச் சொல்லுறன். வந்த புதிதில் எங்கட வீட்டை ஞாபகத்தில் இருந்தபடியே நீலப் போல்பொயின்ற் பேனையால் கீறினேன். மலிவான விளம்பரத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில். அதை யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். இரண்டு கோடை போனபிறகு தாள் தேத்தண்ணி நிறமாகிவிட்டது, கோட்டில் பாதி காணவில்லை. திண்ணை எந்தப் பக்கம், மாட்டுக்கொட்டில் எங்கே என்று கேட்டுச் சரிபார்க்க அப்போது அம்மாவும் இல்லை.

ஏன் அப்படி நடந்தது? சாதாரண போல்பொயின்ற் பேனையின் மை பெரும்பாலும் சாயம். வெயில் பட்டால் துணி வெளுக்கிற மாதிரி அதுவும் வெளுக்கும். இதற்கு மாற்று, பிக்மென்ட் மை உள்ள பேனை. அதில் இருப்பது சாயம் இல்லை, மிக நுண்ணிய நிறத்தூள். காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் ஊறாது, வெளிச்சத்தில் இலகுவாக மங்காது. யூனி பின், சகுராவின் பிக்மா மைக்ரோன், ஸ்டெட்லர் பிக்மென்ட் லைனர் எல்லாம் இந்த வகை. உடலில் 01, 03, 05, 08 என்று போட்டிருக்கும், அல்லது மில்லிமீற்றரில் இருக்கும். எண் கூடக் கூடக் கோடு தடிக்கும். பெட்டியாக வாங்கத் தேவையில்லை. 05 கறுப்பு ஒன்று போதும். அழுத்திக் கீறினால் முனை உள்ளே போய்விடும், அதனால் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதேங்கோ. மூடியை "டிக்" என்று சத்தம் கேட்கும்வரை மூடுங்கோ.

தாள் ஏன் பழுத்தது? மரக்கூழில் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கு. பத்திரிகைத் தாள் மாதிரி மலிவான தாள்களில் அது அப்படியே இருக்கும். காற்றும் வெயிலும் பட அது மஞ்சளாகும், தாள் முறுகும். வாங்கும்போது அட்டையில் "அசிட் ஃப்ரீ" என்று இருக்கா என்று பாருங்கோ. ஒரு நல்ல செய்தி: இப்போது கடையில் விற்கிற வெள்ளை ஏ4 போட்டோக்கொப்பித் தாள் பெரும்பாலும் அந்த வகைதான். ஒரு கட்டில் 500 ஒற்றை இருக்கும். பழகுவதற்கு இதைவிட மலிவாக ஒன்றும் இல்லை.

தாளின் மேல் 80 ஜிஎஸ்எம், 110 ஜிஎஸ்எம் என்று எழுதியிருப்பது ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை, கிராமில். ஏ4 ஒற்றை சதுர மீற்றரில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். அந்தத் தாளில் பேனைக் கோடு பின்பக்கம் தெரியும், அழிறப்பரால் இரண்டு தரம் அழித்தால் மயிர் எழும்பும். பென்சிலால் நிழல் போட்டுக் கீறுபவருக்கு 110 அல்லது அதற்கு மேல் உள்ள காட்ரிட்ஜ் தாள் நல்லது. சற்றுச் சொரசொரப்பு இருந்தால்தான் கரி பிடிக்கும். பேனைக்கு மாறாக வழவழப்பான தாள் வேணும். தண்ணீர் நிறம் தீட்டுவதென்றால் 200க்கு மேல், இல்லாட்டி தாள் அப்பளம் மாதிரிச் சுருளும்.

இனிப் பென்சில். காரீயம் என்று நாங்கள் சொல்லிப் பழகிவிட்டதால் பிள்ளை கடித்துவிட்டால் ஈயநஞ்சு என்று பயப்படுகிற தாய்மார் இருக்கிறார்கள். பென்சிலின் உள்ளே ஈயம் கிடையாது. இருப்பது கிராஃபைற்று. எங்கட நாட்டில் போகல சுரங்கத்தில் எடுக்கிறார்கள் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். அதைக் களிமண்ணோடு குழைத்துச் சுடுகிறார்கள். 1795இல் பிரான்சில் கொன்ரே என்பவர் கண்டுபிடித்த முறை. களிமண் கூடினால் கடினம், கோடு வெளிறும்: அது எச். கிராஃபைற்று கூடினால் மெது, கறுப்பு: அது பி. நடுவில் எச்பி. கடையில் பன்னிரண்டு பென்சில் கொண்ட தகரப் பெட்டி வடிவாகத்தான் இருக்கும். விடுங்கோ. எச்பி ஒன்று, 2பி ஒன்று, 6பி ஒன்று தனித்தனியாக வாங்கினால் காணும். எச் வகை படம் கீறுபவருக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. 6பி கையில் ஒட்டும், தேய்ந்து பரவும். எனவே கையின் கீழ் ஒரு வெற்றுத் தாளை வைத்துக் கீறுங்கோ.

லோயருக்குக் கீறுவது வேறு விசயம். அங்கே அழகு முக்கியமில்லை. பென்சில் கோடு போட்டோக்கொப்பியில் சரியாக விழாது. வெள்ளை ஏ4 தாளில், ஒரு பக்கத்தில் மட்டும், கறுப்புப் பேனையால் கீறுங்கோ. இடங்களின் பெயரைத் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்ப்பாளர் மாற்றுவார். பிழைத்தால் வெள்ளை மை பூசவேண்டாம், ஒரு கோட்டால் வெட்டுங்கோ. முக்கியமாக, ஞாபகம் இல்லாத இடத்தை நிரப்ப வேண்டாம். முகாம் வாசலுக்கும் வீதிக்கும் இடையில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் வெறுமையாக விட்டுவிட்டு, தெரியாது என்று சொல்லுங்கோ. நீங்கள் கீறியதையும் வாயால் சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். லோயர் பார்க்கமுன் வேறு எவரிடமும் கொடுக்காதேங்கோ. மூலப்பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

வீட்டைக் கீறுவது வீண்வேலை என்று நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் இழந்த தங்கள் வீடுகளை ஞாபகத்திலிருந்து கீறிக் கொடுத்த வரைபடங்களைச் சேர்த்து 2011இல் ஒரு புத்தகமாக்கினார். பெயர் "த இன்கம்ப்ளீற் தோம்பு". காணிப்பதிவேட்டுக்கு எங்கட பழைய சொல் தோம்பு, உங்களுக்குத் தெரியும். இங்கே சிட்னியில் வில்லவுட் தடுப்பு முகாமில் படப் பட்டறை நடத்திய சஃப்தார் அகமட், அந்த அனுபவத்தை 2021இல் "ஸ்டில் அலைவ்" என்ற சித்திரப் புத்தகமாக வெளியிட்டார். அதே முகாமில் இந்தோனீசியாவிலிருந்து வந்த ஆல்வி ஃபடெல், கோப்பித் தூளைத் தண்ணீரில் கரைத்துப் படம் தீட்டினார். அவை பின்பு கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. கோப்பித்தூள் உங்கட குசினியிலும் இருக்கும்.

கீறும்போது பழைய சம்பவம் வந்து நெஞ்சை அடைத்தால் தாளை மூடிவையுங்கோ. கட்டாயமில்லை. பவுண்டேசன் ஹவுஸ் என்ற நிறுவனம் இப்படிப்பட்டவர்களோடு கதைப்பதற்கென்றே 1987 முதல் இயங்குகிறது. மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

எங்கே வாங்குவது? கேமார்ட், பிக் டபிள்யூ, ஒஃபீஸ்வேர்க்ஸ் எல்லாவற்றிலும் சாதாரணச் சாமான் உண்டு. பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன், ஜனவரியில், விலை நல்லாக் குறையும். அப்போது கொப்பியும் பென்சிலும் வருசத்துக்குச் சேர்த்து வாங்கலாம். சால்வோஸ், வின்னிஸ் கடைகளில் பாதி பாவித்த படக்கொப்பிகள் சில நேரம் கிடைக்கும். கிங்ஸ்வேயில் உள்ள கிளென் வேவர்லி நூலகத்தில் சேருவது இலவசம். படம் கீறப் பழக்கும் புத்தகங்களை எடுக்கலாம், மேசையும் வெளிச்சமும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ரெயிலில் பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீற் போனால் எதிரே ஃபெடரேசன் சதுக்கத்தில் இயன் பொட்டர் நிலையம். விக்ரோரியா தேசிய ஓவியக்கூடத்தின் பகுதி அது. பொதுக் காட்சிக்குக் காசில்லை. இப்படியான இடங்களுக்குப் பேனை கொண்டு போகாமல் பென்சிலும் சின்னக் கொப்பியும் கொண்டு போங்கோ.

கீறியதை விற்கலாமா என்று ஒருவர் கேட்டார். உங்கட விசாவில் வேலை அனுமதி இல்லையென்றால், காசுக்குப் படம் கீறுவதும் வேலையாகக் கணிக்கப்படலாம். லோயரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கோ.

கீறி முடித்த தாளை வெயில் படாத உறையில் வையுங்கோ. பின்பக்கத்தில் ஊரின் பெயர், ஆண்டு, அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பென்சிலால் எழுதுங்கோ. பேனையால் எழுதினால் முன்பக்கத்தில் தெரியும்.