கிழக்கு மாகாண சபைத் தேர்தல் எங்கே சிக்கியது?

திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி. மொத்தம் 37 ஆசனங்கள். ஆளும் கூட்டணிக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது.

அதன்பின் தேர்தல் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு சட்டத்திருத்தம். 2017 செப்டெம்பரில் நாடாளுமன்றம் பழைய விகிதாசார முறையை நீக்கி, தொகுதிமுறை கலந்த புதிய முறையைக் கொண்டுவந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரவாகவே வாக்களித்தது. இதை நாம் அதிகம் பேசுவதில்லை. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறை போய்விட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை.

இதனால் மாகாணப் பாடசாலைகள், வைத்தியசாலைகள், வீதிகள் எல்லாம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கைக்குப் போயின. ஆளுநரிடம் மனுக் கொடுக்கலாம். வாக்குப்போட்டு அவரை மாற்ற முடியாது. மீள்குடியேறிய கிராமத்துக்கு ஆசிரியர் கேட்டு அலைபவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பழைய முறையிலேயே தேர்தலை நடத்த ஒரு திருத்தச் சட்டம் போதும். சுமந்திரன் அதைத் தனிநபர் சட்டமூலமாகவும் கொண்டுவந்தார். 2012இல் சிறுவர்களாக இருந்த எங்கள் பிள்ளைகள் மாகாண சபை வாக்குச்சீட்டைக் கண்டதேயில்லை.