அப்பாவின் படகுக்கு ஒரு பழைய ஃபோர்வீல்

அப்பாவுக்கு 55 வயது நிறைந்த வாரத்திலேயே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். எடுத்தால் எதற்கு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். முப்பது ஆண்டுகள் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கூப்பிட்டால் தெமெங்கோர் ஏரிக்குப் போய் தோமானும் செபராவும் பிடித்து வருவார். அடுத்தவர் வாகனத்தில், அடுத்தவர் படகில். இப்போது நண்பர் ஒருவர் தம் 14 அடி ஃபைபர் படகை டிரெய்லரோடு மலிவாகக் கொடுத்துவிட்டார். இழுத்துப் போக ஒரு நான்கு சக்கர இயக்க வாகனம்தான் பாக்கி.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். 35,000 வெள்ளிக்கு மேல் ஒரு சென் கூடாது. தம்பி எஸ்பிஎம் எழுதுகிறான், அவன் மேற்படிப்பும் அதே பணத்தில்தான் இருக்கிறது. "நீ இயந்திரவியல் படிக்கிறாய் அல்லவா, நீயே பார்த்துச் சொல்" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான் அதுவரை எந்த வாகனத்தின் அடியிலும் படுத்ததில்லை.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் நண்பர்களோடு முகாம் போகிறவர்கள். என்றாவது நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு பழைய ஃபோர்வீல் வாங்கலாமா என்று பேசியிருப்பீர்கள். எங்கள் மூன்று மாத அலைச்சலில் நான் கற்றது உங்களுக்கும் உதவலாம்.

முதல் தவறு, எந்த வாகனம் என்று தொடங்கியது. எதை இழுக்கப் போகிறோம் என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். தோட்டத்து நண்பரும் பட்டறைக்காரருமான மாமா ஒருவர்தான் எங்களை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னார். படகு 200 கிலோ, இயந்திரம் 40, டிரெய்லர் 160, ஐஸ் பெட்டி, பெட்ரோல் தொட்டி, கூடாரம், பாத்திரங்கள் ஒரு 100. மொத்தம் 500 கிலோ. "இதுக்குப் போய் மூவாயிரம் சிசி எதுக்கு?" என்றார். அப்பாவின் முகம் வாடிவிட்டது. அவர் மனத்தில் இருந்தது பெரிய வாகனம்.

ஆனால் மிகச் சிறியதும் ஆகாது. பெரோடுவா கெம்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் வந்தது, 1.3 லிட்டர் இயந்திரம், நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும், பழையது மலிவாகவும் கிடைக்கும். முகாம் மட்டும் போகிற மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். அதன் எடையோ ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான். அதன் பின்னால் பிரேக் இல்லாத 500 கிலோ டிரெய்லரை மாட்டி, லெங்கோங்கிலிருந்து கிரிக் போகும் வளைவுகளில் இறங்கினால் நிலைமை வேறு. ஏற்றத்தில் இயந்திரம் திணறினால் மெதுவாகப் போகலாம். இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது நிறுத்த வேண்டியது முன்னால் இருக்கும் வாகனத்தின் எடையும் பிரேக்கும்தான். இழுவை என்றால் எல்லாரும் இழுக்கும் சக்தியைப் பற்றியே பேசுகிறார்கள். நிறுத்தும் சக்தியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கெம்பாராவில் லோ ரேஞ்சும் இல்லை. ஃபோர்வீல் வாகனங்களில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பகுதி இருக்கும். இயந்திரத்தின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்புவது அதுதான். அதில் லோ ரேஞ்ச் போட்டால் சக்கரம் சுமார் இரண்டரை மடங்கு மெதுவாகச் சுற்றும், அதே அளவு திருப்புவிசை கூடும். ஏரியில் நீர் வற்றியிருக்கும்போது படகை ஏற்றிய டிரெய்லரைச் சேற்றுக் கரையிலிருந்து மேலே இழுக்க வேண்டும். வேகமாக முறுக்கினால் சக்கரம் சுழன்று குழி தோண்டிக்கொள்ளும். லோ ரேஞ்சில் கிளட்சை எரிக்காமல் நடை வேகத்தில் ஏறலாம்.

பகுதி நேர ஃபோர்வீல் வாகனங்களைக் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. நடுவில் டிஃப்ரன்ஷியல் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க முடியாது, முறுக்கம் முழுவதும் தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் இறங்கும். 1991-இல் வந்த இரண்டாம் தலைமுறை பஜேரோவின் சூப்பர் செலக்ட் அமைப்பு இதற்காகவே நடுவில் ஒரு டிஃப்ரன்ஷியலைக் கொண்டிருந்தது. மழையில் நனைந்த சாலையில் அது பெரிய வசதி. வசதி கூடக் கூட பழுதாகக்கூடிய பாகங்களும் கூடும் என்பது மாமாவின் கட்சி.

ஆறு வாகனங்கள் பார்த்தோம். நான்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவதுதான் அப்பாவை மயக்கியது. பழைய ஜப்பானிய எஸ்யூவி, 28,000 வெள்ளி. பளபளக்கும் கறுப்பு, தோல் இருக்கை, கூரையில் ரேக், பெரிய டயர், காற்றை மேலிருந்து இழுக்கும் குழாய். அப்பா சட்டைப்பையில் முன்பணமாக 1,000 வெள்ளியை வைத்துக்கொண்டே வந்திருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நாங்கள் போனபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "இப்பதான் சூடு பண்ணேன் அங்கிள்" என்றார் விற்பவர். மாமா என்னைப் பார்த்தார். டீசல் வாகனத்தின் உண்மை முகம் காலையில் குளிர்ந்த நிலையில் முதன்முதலாகச் சாவியைத் திருப்பும்போதுதான் தெரியும். எத்தனை விநாடி இழுக்கிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது என்று பார்க்க வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால் உள்ளே இயந்திர எண்ணெய் எரிகிறது. ஆகவே பழைய வாகனம் பார்க்கப் போனால் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள்.

நான் ஓர் அட்டையை விரித்து அடியில் படுத்தேன். விற்பவர் "தங்கச்சி எதுக்கு அங்கெல்லாம்" என்றார், அப்பாவைப் பார்த்து. அடியில் எல்லாம் புதுக் கறுப்புப் பூச்சு. மேல் உடல் அழகாக இருப்பது சரி, அடியும் ஏன் இவ்வளவு புதிதாக இருக்கிறது? மாமா சிறு சுத்தியலைக் கொடுத்து சேஸிஸை மெல்லத் தட்டிக்கொண்டே வரச் சொன்னார். முன்புறம் டிங், டிங் என்றது. பின் ஸ்பிரிங் பொருத்தும் இடத்துக்கு மேலே தொப்பென்று ஒரு சத்தம். இன்னொரு தட்டு. கைவிரல் அகலத்துக்குத் துரு ஏடாகப் பெயர்ந்து என் கன்னத்தில் விழுந்தது.

இந்த வகை வாகனங்களில் ஏணி போன்ற சேஸிஸ்தான் முதுகெலும்பு. இழுவைக் கொக்கி அதில்தான் பொருத்தப்படுகிறது. அங்கே துரு என்றால் 500 கிலோ டிரெய்லர் தொங்குவது வெறும் பூச்சில். "பழசுன்னா இப்படித்தான் இருக்கும் அங்கிள்" என்றார் விற்பவர். அப்பா ஒன்றும் சொல்லாமல் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். கோலகங்சார் வரும்வரை பேச்சில்லை. தேநீர்க் கடையில்தான் "பெயிண்டு நல்லா இருந்துச்சு" என்றார்.

அவருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. லோரி ஓட்டும்போது ஒரு நாளும் அழகான வாகனம் அவருக்குக் கிடைத்ததில்லை.

ஆறாவது அழகில்லாதது. 2010 ஹைலக்ஸ், 2.5 லிட்டர் டீசல், இரட்டை கேபின், 2,40,000 கிலோமீட்டர். பக்கவாட்டில் இரண்டு நசுங்கல், இருக்கை கிழிசல். காலை ஏழு மணிக்குக் குளிர்ந்த இயந்திரம் ஒரே திருப்பில் கிளம்பியது. சேஸிஸ் கடைசிவரை டிங் என்றது. தரைவிரிப்பைத் தூக்கினால் காய்ந்த மண் இல்லை, நாற்றமும் இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கழுவப்பட்டு விற்பனைக்கு வருவதால் இருக்கையின் தண்டவாளம் வரை பாருங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ நிறைய இருந்தாலும் அந்த வயதில் ரப்பர் இறுகிவிட்டிருக்கும்.

ஒரு விஷயம் இடித்தது. அந்த இயந்திரத்தில் டைமிங் பெல்ட் உண்டு. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வாக்கில் மாற்ற வேண்டும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். நேரம் வந்ததும் முகப்பில் ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கை பெல்ட்டை மாற்றாமலேயே அணைத்துவிட முடியும். பெல்ட் மாற்றியதற்கு ரசீது கேட்டோம், இல்லை. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள் என்றார் மாமா. அந்தச் செலவைக் கழித்து 29,000-க்கு முடிந்தது. மீதி ஆறாயிரத்தை அம்மா எடுத்துத் தனியே வைத்தார். பெல்ட், பிரேக் பட்டைகள், டயர் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. பழைய வாகனத்துக்கு முழுப் பணத்தையும் விலையாகவே கொடுத்துவிட்டால் முதல் பழுதோடு அது வாசலில் நிற்கும். இந்த வயது வாகனங்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்குவதால் கையில் இருப்பதுதான் எல்லாம்.

உரிமை மாற்றத்துக்கு புஸ்பாகோமில் பி5 பரிசோதனை உண்டு. சேஸிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் பதிவோடு ஒப்பிடுவார்கள். நீங்களே முன்கூட்டி ஒப்பிட்டுவிடுவது நல்லது. டிரெய்லரும் சாலைப் போக்குவரத்துத் துறையின் கணக்கில் ஒரு வாகனம். அதன் பதிவைப் பற்றி ஜேபிஜே முகப்பில் கேட்டுவிட்டு வாங்குங்கள், எங்களைப் போல வாங்கிய பிறகு ஓடாதீர்கள்.

டீசல் செலவையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. 70 லிட்டர் நிரப்பினால் 84 வெள்ளி கூடுதல். தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளர்களுக்கு புடி மடானி மூலம் மாதம் 200 வெள்ளி உதவி அறிவிக்கப்பட்டது. மாதம் இருமுறை ஏரிக்குப் போகிறவருக்கு இது தாங்கும், தினமும் வகுப்புக்கு ஓட்டுகிறவர் நன்றாக யோசிக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முதல் நாள் டிரெய்லரின் மூக்கைக் குளியலறை எடைக்கருவியில் மரக்கட்டை வைத்து நிறுத்தினோம். 20 கிலோ காட்டியது. மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ, கொக்கியில் அழுந்த வேண்டும். பின்பாரம் அதிகமானால் டிரெய்லர் வேகத்தில் பாம்பு போல ஆடும். நெம்புகோல் பாடம்தான், படிவம் 2-லேயே படித்தது. ஐஸ் பெட்டியையும் பெட்ரோல் தொட்டியையும் முன்னுக்குத் தள்ளினோம். 48 வந்தது.

ஏரிக்கரையில் தம்பி கூடாரத்தைச் சரிவின் அடியில் போடப் பார்த்தான், நிழலாக இருக்கிறதென்று. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி பத்தாங்காலி முகாம் தளத்தில் நடந்த மண்சரிவில் 31 பேர் இறந்ததை அம்மா மறக்கவில்லை. புறப்படும்போதே சொல்லி அனுப்பியிருந்தார். கூடாரம் திறந்த மேட்டுக்கு மாறியது. ஆற்றோரம் போகிறவர்கள் கெப்பாலா ஆயரையும் நினைவில் வையுங்கள். மேலே பெய்த மழை கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவரிடம் சொல்லிக்கொண்டு வராது.

மறுநாள் படகை மேலே இழுக்கும்போது அப்பா லோ ரேஞ்ச் போட்டார். ஹைலக்ஸ் அவசரமில்லாமல் ஊர்ந்து ஏறியது, டயர் ஒரு முறைகூடச் சுழலவில்லை. திரும்பும் வழியில் டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை, அதை இந்த வாரம் பார்க்க வேண்டும். நசுங்கலைத் தட்டிப் பெயிண்டு அடிக்கலாமா என்று அப்பா கேட்கத் தொடங்கியிருக்கிறார். அம்மா பதில் சொல்லவில்லை. அந்த ஆறாயிரத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.