சார் சொன்னா செஞ்சிடுவோமா? டிஜிட்டல் அரெஸ்ட்டும் 450 வோல்ட்டும்



போன மாசம் ஒரு சனிக்கிழமை, பெரம்பலூரில் இருக்கிற என் ஆபீசுக்கு ஒரு தம்பி வந்தார். அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. ஐ.டி. ரிட்டர்ன் விஷயமாக வந்திருப்பார் என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் கேட்டார்: "சார், நான் இன்ஜினியரிங் படிச்சவன். எப்படி சார் மூணு மணி நேரம் அவன் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்?"

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு போன். "உங்க ஆதார் நம்பரில் போன பார்சலில் போதைப்பொருள் சிக்கியிருக்கு." அடுத்து வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் போலீஸ் சின்னம். "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். காலை கட் பண்ணக்கூடாது, யார்கிட்டயும் பேசக்கூடாது. பணத்தை சரிபார்ப்புக்கு அனுப்புங்க, திரும்ப வந்துடும்."

40,000 ரூபாய் போய்விட்டது. அடுத்து எஃப்.டி.யை உடைக்க ஆப்பைத் திறந்த நேரத்தில் ரூம்மேட் கதவைத் தட்டினார். போனைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "போலீஸ் எப்படா வீடியோ கால்ல அரெஸ்ட் பண்ணுச்சு?" எஃப்.டி. தப்பித்தது. அந்த 40,000 இன்னும் வரவில்லை.

இது படிக்காதவர்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லைங்க. 2024 ஆகஸ்டில் லூதியானாவில் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 82 வயது தொழிலதிபர், 7 கோடி ரூபாய் இழந்தார். வீடியோ காலிலேயே போலி உச்ச நீதிமன்ற விசாரணை, தலைமை நீதிபதி வேடத்தில் ஒருவர்! அதில் சுமார் 5.25 கோடியைப் போலீசார் மீட்டார்கள்.

அப்படியென்றால் காரணம் என்ன?

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பான பதில் சொன்னால், வந்தவர் சுவிட்சை அழுத்தி ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு தப்புக்கும் 15 ஏற்றி, 450 வரை. உண்மையில் ஷாக் எதுவும் இல்லை, அந்த அறையில் இருந்தவர் நடித்தார். ஆனால் வந்தவர்களுக்கு அது தெரியாது. தயங்கினால், சாம்பல் கோட் போட்ட ஒருவர் "தொடருங்கள்" என்பார், அவ்வளவுதான். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள்.

இந்தச் சோதனையை விமர்சித்தவர்கள் நிறைய. ஆனால் 2009-ல் ஜெர்ரி பர்கர் வெளியிட்ட ஆய்வில், 150 வோல்ட்டோடு நிறுத்திய பாதுகாப்பான வடிவத்திலும், சுமார் 70 சதவீதம் பேர் அதற்கு மேலும் தொடரத் தயாராக இருந்தார்கள்.

இப்போ அந்தத் தம்பியின் கதையோடு வைத்துப் பாருங்க.

ஒன்று, சின்னதாகத் தொடங்குவது. முதல் நிமிடமே யாரும் எஃப்.டி.யைக் கேட்பதில்லை. முதலில் பெயர், அப்புறம் ஆதார், அப்புறம் 40,000. ஒவ்வொரு படியும் போன படியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

இரண்டு, கண் முன்னால் இருப்பது. மில்கிராம் சோதனையில் கோட் போட்டவர் போனில் மட்டும் உத்தரவு போட்டபோது, கடைசி வரை போனவர்கள் சுமார் 20 சதவீதமாகக் குறைந்தார்கள். மோசடிக்காரன் ஏன் வீடியோ காலுக்கே வரச் சொல்கிறான் என்று இப்போ புரியுதா?

மூன்று, தனியாக இருப்பது. இதுதான் முக்கியம். கூட இருந்த இரண்டு பேர் "நாங்க செய்ய மாட்டோம்" என்று எழுந்தபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்பது மிரட்டல் மட்டும் இல்லைங்க. அவன் தொழிலே அந்த வாக்கியத்தில்தான் நிற்கிறது. ரூம்மேட் கதவைத் தட்டியதும் அது உடைந்துபோச்சு.

நீங்க என்ன பண்ணணும்?

டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவுமே இல்லை. 2024 அக்டோபர் 27 மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமரே இதைச் சொன்னார். யூனிபார்ம் தெரிந்தாலும் காலை கட் பண்ணுங்க. உடனே ஒருத்தரிடமாவது சொல்லுங்க: அம்மா, ரூம்மேட், பக்கத்து சீட் நண்பர், யாராக இருந்தாலும் சரி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

ஆபீசிலும் இதே பழக்கம்தான். "எம்.டி. சொன்னாரு, உடனே இந்தக் கணக்குக்கு பணம் போடு" என்று வாட்ஸ்அப் வந்தால், அவருடைய வழக்கமான நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் சீனியர் சொன்னார் என்பதற்காக, எண்ணிப் பார்க்காத ஸ்டாக்குக்கு டிக் போட்டவன் நான். அன்னைக்கு யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தத் தம்பியிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: நீங்க முட்டாள் இல்லை, அந்த நேரத்தில் தனியாக இருந்தீங்க. இந்தப் பதிவை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. அப்பா அம்மாவுக்கு ஒரு போனும் பண்ணி, "யாராவது மிரட்டினா முதல்ல என்னைக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிடுங்க.