வீட்டில் ஓக்கிட்டுச் செடி வளர்த்துப் பூக்கச் செய்தல்

நெல்லும் காய்கறியும் பயிரிடும் கமக்காரருள் ஓய்வு நேரத்தில் வீட்டு முற்றத்தில் ஓக்கிட்டு வளர்க்க விரும்புவோர் பலர். விலை கொடுத்து வாங்கிய செடி சில மாதங்களில் அழுகி மடிதலும், மடியாது தப்பிய செடி ஆண்டுக்கணக்கிற் பூவாது நிற்றலும் அவர்கள் கூறும் பொதுவான குறைகளாகும். இவை பெரும்பாலும் அளவு கடந்த பராமரிப்பினால் நேர்கின்றன. வயலுக்கு நன்மை தரும் மண்ணும் மிகுந்த நீரும் பசளையும் இச்செடியைக் கொன்றுவிடும். அதன் காரணத்தை அறிந்தவர்க்கு ஓக்கிட்டு வளர்த்தல் கடினமன்று.

வேரின் இயல்பு

வீடுகளில் வளர்க்கப்படும் ஓக்கிட்டுகளிற் பெரும்பாலானவை இயற்கையில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வன. இவை குருவிச்சையைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரம் இவற்றிற்கு இருப்பிடம் மாத்திரமே. வேரைச் சுற்றி வெண்ணிறமான பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. மழை பெய்தவுடன் இவ்வுறை நீரை உறிஞ்சிக்கொள்ளும். மழை விட்டதும் காற்றில் உலரும். இவ்வாறு நனைதலும் உலர்தலும் மாறி மாறி நிகழ்தல் வேருக்கு இன்றியமையாதது.

நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் அறைகள் உள. ஆதலால் நீர் நின்ற சேற்றிலும் அதன் வேர் சுவாசிக்கின்றது. மரத்தில் வளரும் ஓக்கிட்டின் வேருக்கு அவ்வமைப்பு இல்லை. இடைவிடாது நனைந்திருப்பின் அது மூச்சடைத்து அழுகிவிடும்.

ஏற்ற இனங்கள்

தாழ்நிலப் பகுதிகளில் முதன்முதல் வளர்ப்போர்க்குத் தெந்திரோபியம் கலப்பினங்கள் மிக ஏற்றவை. வெய்யில் நன்கு படும் இடமாயின், நிலத்திற் கம்பு நாட்டி வளர்க்கக்கூடிய ‘மிஸ் ஜோக்கிம்’ என்னும் வண்டா வகையைத் தெரியலாம். 1893ஆம் ஆண்டிற் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட இக்கலப்பினம், 1981ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய மலராகத் தெரிவு செய்யப்பட்டது. அகன்ற இலைகளையுடைய பெலனொப்சிசு இனம் பூமொட்டு விடுவதற்குச் சில வாரங்கள் குளிர்ந்த இரவுகள் வேண்டும். எனவே கடையிற் பூவோடு வாங்கிய அச்செடி வெப்பமான இடங்களில் மீண்டும் பூவாதிருத்தல் வியப்பன்று.

சாடியும் நிரப்பும் பொருளும்

சாடியில் தோட்ட மண்ணை இடுதல் கூடாது. அடியிலும் பக்கங்களிலும் துளைகளையுடைய மண்சாடியே சிறந்தது. கட்டைவிரற் பருமனுள்ள சிரட்டைக்கரி, ஓட்டுத்துண்டு, செங்கற்றுண்டு ஆகியவற்றால் அதனை நிரப்பல் வேண்டும். தென்னம்பொச்சைச் சேர்ப்பதாயின் சில நாட்கள் நீரில் ஊறவைத்து, அந்நீரைப் பலமுறை மாற்றிக் கழுவியபின் இடுக. பொச்சு நாளடைவில் உக்கி நீரைத் தேக்குமாதலால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் நன்று.

முளை தோன்றும் அடிப்பாகம் நிரப்பும் பொருளின் மேலே தெரியுமாறு செடியை வைத்து, கம்பு ஒன்றுடன் அசையாது கட்டுக. செடி ஆடினால் புதுவேரின் நுனிகள் முறியும்.

நீர் ஊற்றல்

நீர் ஊற்றவேண்டிய காலத்தை வேரே காட்டும். நனைந்த வேர் பச்சை நிறமாகவும், உலர்ந்த வேர் வெண்ணிறமாகவும் தோன்றும். வேர் வெளுத்த பின்னரே நீர் ஊற்றுக. கோடையில் நாள்தோறும் ஊற்ற நேரிடலாம். மாரியிற் பல நாட்கள் ஊற்றவே தேவையில்லை. காலை வேளையில் ஊற்றினால் இரவுக்கு முன் இலையும் குருத்தும் உலர்ந்துவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கற் பகுதிகளிற் கிணற்று நீர் கடினமானது. அது இலையிலும் வேரிலும் வெண்படிவை உண்டாக்கும். அத்தகைய இடங்களிற் கூரையிலிருந்து வழியும் மழைநீரைச் சேமித்து வைத்து ஊற்றுதல் நலம். சேமித்த நீரில் நுளம்பு பெருகாதவாறு மூடி வைக்க.

ஒளியும் பூவும்

பூவாமைக்கு முதற் காரணம் ஒளிக்குறைவாகும். இலையின் நிறம் இதனை அறிவிக்கும். இலை கரும்பச்சையாகி நீண்டு தளர்ந்திருப்பின் ஒளி போதாது. சற்று மஞ்சள் கலந்த இளம்பச்சையாகவும் விறைப்பாகவும் இருப்பின் போதும். இலை வெளிறிக் கருகிய புள்ளிகள் தோன்றுமாயின் வெய்யில் மிகை. தெந்திரோபியத்திற்குக் காலை வெய்யிலும், நண்பகலில் ஏறத்தாழ அரைப்பங்கு நிழலும் வேண்டும். ஐதாக வேய்ந்த கிடுகுப்பந்தரோ நிழல் வலையோ இதற்குப் போதுமானது. நிழலிலிருந்த செடியைத் திடீரென வெய்யிலில் வையாது, சிறிது சிறிதாகப் பழக்குக.

இலையுதிர்ந்த பழைய தண்டுகளைப் பயனற்றவை எனக் கருதி வெட்டுவது மற்றொரு தவறு. அத்தண்டுகள் நீரையும் உணவையும் சேமித்து வைத்துப் புதுமுளைக்கு உதவுகின்றன. சில வேளைகளில் அவையே மீண்டும் பூக்கும். சுருங்கிக் காய்ந்தவற்றை மாத்திரம் அகற்றுக.

பூக்கும் காலத்தைச் சில இனங்களிற் காலநிலையே முடிவு செய்யும். இலங்கையின் தாழ்நாட்டில் வளரும் புறா ஓக்கிட்டு இதற்கு நல்ல உதாரணம். திடீர் மழையால் வெப்பம் சடுதியாகக் குறையுமாயின், ஏறத்தாழ 9ஆம் நாளில் அவ்வட்டாரத்திலுள்ள இவ்வினச் செடிகள் ஒருங்கே பூத்து ஒரு நாளில் வாடிவிடும்.

பசளை

மரக்கிளையில் வளரும் செடிக்கு மழைநீரும் உக்கிய இலைகளும் கொண்டுவரும் சிறிதளவு உணவே கிடைக்கின்றது. ஆதலால் பசளையை மிக ஐதாக இடுதல் வேண்டும். நீரிற் கரையும் கலப்புப் பசளையில் கால் தேக்கரண்டியை 1 லீற்றர் நீரிற் கரைத்து, வளரும் பருவத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை தெளிக்கலாம். வேரை முதலில் நீரால் நனைத்த பின்னரே தெளிக்க. யூரியாக் குருணிகளைச் சாடியில் இடுதல் கூடாது, வேர் கருகிவிடும். நைதரசன் மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும்.

நோயும் பீடையும்

நத்தைகள் இரவில் வெளிவந்து வேர்நுனியையும் மொட்டையும் தின்னும். விளக்குடன் சென்று அவற்றைப் பொறுக்கி அழிக்க. மழைக்காலத்தில் இலையிலும் குருத்திலும் கரிய ஈரமான அழுகல் தோன்றினால், நோயற்ற பகுதியும் சிறிது சேருமாறு வெட்டியெறிந்து, செடியைச் சில நாட்கள் நனையாது வைக்க. வைரசு நோய்கள் கத்தி வழியாக ஒரு செடியிலிருந்து மற்றொன்றிற்குப் பரவுவன. அவற்றிற்கு மருந்து இல்லை. ஒவ்வொரு செடியையும் வெட்டுமுன் கத்தியைத் தீயிற் காட்டுதல் வேண்டும்.

செடியைப் பெருக்குதல்

ஒரு காயில் இலட்சக்கணக்கான விதைகள் இருக்கலாம். ஆயினும் நெல்மணியிற் போல இவ்விதையினுள் உணவுச் சேமிப்பு இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சணம் உணவளித்தாலன்றி இது முளையாது என்பதைப் பிரான்சு நாட்டவரான நொயெல் பேர்னாட் 1899ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். சீனி சேர்த்த ஊடகத்தில் பூஞ்சணமின்றியே முளைப்பிக்கலாம் என்பதை அமெரிக்கரான லூயிஸ் நட்சன் 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார். இம்முறைக்கு ஆய்வுகூட வசதி வேண்டும். வீட்டிலோ, புதுமுளை தோன்றும் காலத்திற் செடியைப் பிரித்து நடுதலே எளிது. ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 3 தண்டுகள் இருத்தல் வேண்டும். தண்டின் மேல் முளைக்கும் குட்டிச்செடிகளை வேர் 5 சென்ரிமீற்றர் நீண்டபின் எடுத்து நடலாம்.

காட்டுச் செடிகள்

இலங்கையில் இயற்கையாக வளரும் ஓக்கிட்டு இனங்கள் 180க்கு மேற்பட்டவை. மே மாதமளவிற் பூக்கும் வெசாக் ஓக்கிட்டு இந்நாட்டிற்கே உரியது. அதுவும் நரிவால் ஓக்கிட்டும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டவை. ஓக்கிட்டுகளை நாடுகளுக்கிடையே கொண்டுசெல்வதும் இலங்கை 1979ஆம் ஆண்டில் இணைந்த அனைத்துலக உடன்படிக்கையினாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

காட்டில் மரத்திலிருந்து பிடுங்கும்போது வேர்கள் அறுபடுவதால் அச்செடி வீட்டிற் பிழைத்தல் அரிது. பிடுங்கிய இடத்தில் மற்றொரு செடி விதையிலிருந்து வளர்ந்து பூப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். வீதியோரத்தில் மலிவாக விற்கப்படும் காட்டுச் செடியை வாங்குவோர், பணத்தையும் இழந்து காட்டையும் வறிதாக்குகின்றனர். ஆதலால் நாற்றுமேடைகளில் வளர்க்கப்பட்ட செடிகளையே வாங்குக.

செடி வாங்குமுன் சாடி, கரி, நிழல் ஆகியவற்றை ஆயத்தம் செய்தல் வேண்டும். ஒரு சாடியுடன் தொடங்கி, வேரின் நிறத்தையும் இலையின் நிறத்தையும் கவனித்துப் பழகியபின் மேலும் செடிகளைச் சேர்த்தல் சிக்கனமாகும்.