சிலையும் இசையும்

டில்லியில் வளரும் நம் குழந்தைகளுள் பலர் சோழர் காலச் செப்புத் திருமேனியை முதன்முதலாகக் காண்பது தேசியப் பொருட்காட்சிச்சாலையில்தான். அங்கே நடராசர் ஓசையின்றி நிற்கிறார். ஆனால் இத்தகைய திருமேனிகள் ஓரிடத்திலேயே இருப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. விழாக் காலத்தில் வீதியுலா வருபவை. பீடத்திலுள்ள துளைகளும் வளையங்களும் தண்டு கோத்துத் தூக்குவதற்காக அமைந்தவை. நம் ஊர்களில் நாகசுரமும் தவிலும் முன்செல்ல, மூர்த்தி பின்வருவதை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் பொருட்காட்சிச்சாலையில் மாலை வேளையில் இசை நிகழும்போது, திருமேனிக்கு அது இழந்த துணை மீண்டும் கிடைக்கிறது.

அத்தகைய மாலையில் குடும்பத்தோடு செல்லும் நாம் எல்லாவற்றையும் காட்ட முயல வேண்டுவதில்லை. இரண்டே உருவங்கள் போதும். நடராசரின் திருக்கரங்களுள் உடுக்கை ஏந்தியது எது என்று குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். அடுத்து, மொகஞ்சதாரோவில் 1926ஆம் ஆண்டில் கிடைத்த ஆடல் மகளைக் காட்டலாம். அவள் உயரம் ஏறத்தாழ 10.5 சென்டிமீட்டரே. இரண்டுமே மெழுகில் உருச்செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி நீக்கிய இடத்தில் உலோகம் வார்த்துச் செய்தவை.

பின்னர் இசை தொடங்கித் தாளம் ஒலிக்கும்போது, இறைவன் கையில் உடுக்கை எதற்கு என்று குழந்தை கேட்கக்கூடும். படைப்பின் ஒலியைக் குறிப்பது அது என்பதை, நம் ஊர்த் திருவிழாவைச் சொல்லி விளக்குவோம்.